ஒட்ட வெட்டுவதா, கழுத்தை விட்டு வெட்டுவதா?

யாரோ எப்போதோ கவாத்து என்ற பெயரில் மொட்டையடித்துவிட்டுப் போன ஒரு நிழல்மரம் என் பொறுப்புக்கு வந்தது. பெரிய கிளைகளை நடுவாக்கில் வெட்டி, முழ நீளக் கட்டைகளாக விட்டிருந்தார்கள். அதில் ஐந்து கட்டைகள் பட்டுப்போய், உளுத்து, விரலால் குத்தினாலே பொடிந்தன. மற்றவற்றின் நுனியில் விளக்குமாறு மாதிரி குச்சிகள் முளைத்திருந்தன.

ஐந்தில் இரண்டை, நான் கூப்பிட்ட வெட்டுக்காரர் தண்டோடு ஒட்ட அறுத்து, மேலே தார் பூசிவிட்டுப் போனார். பார்க்க மொழுமொழுவென்று அழகாகத்தான் இருந்தது. மீதி மூன்றை அடுத்த வருடம், கொஞ்சம் படித்துவிட்டு, கழுத்தை, அதாவது கிளையின் அடியில் இருக்கும் புடைப்பை, விட்டுவைத்து வெட்டச் செய்தேன். ஆக ஒரே மரத்தில் இரண்டு விதமும் இருக்கின்றன. நான்கு வருடமாகப் பார்த்துவருகிறேன். நான் எந்தக் கட்சி என்பதை மறைக்கப் போவதில்லை, கழுத்துக் கட்சிதான்.

மற்ற இரண்டு வழிகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் தொடாமல் விடுவது ஒன்று. கீழே யாரும் நடமாடாத இடமென்றால் அதில் தப்பே இல்லை. பறவைக்குப் பொந்து கிடைக்கும். ஆள் நடக்கும் இடத்தில் அது சரிவராது. பட்ட கிளை வளைந்து, முனகி, எச்சரித்துவிட்டு விழாது. காற்றே இல்லாத நாளிலும் படக்கென்று முறியும். இன்னொன்று மரத்தையே எடுத்துவிடுவது. அடித்தண்டைச் சுற்றிக் காளான் முளைத்திருந்தால், தட்டும்போது சுற்றிலும் பொள்ளல் சத்தம் கேட்டால், சாய்ந்த மரத்தின் வேர்ப்பக்கம் மண் எழும்பியிருந்தால், கிளை வெட்டுவதைப் பற்றி யோசிப்பதே வீண். என் மரத்தில் அப்படி எதுவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டாற்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதைத்தான் கழுத்து என்கிறேன். பார்வைக்குக் கிளையின் பகுதி போலத் தெரிந்தாலும், அதில் தண்டின் மரமும் சேர்ந்திருக்கிறது. ஒட்ட வெட்டினால் கிளையோடு தண்டின் சதையும் போய்விடுகிறது. காயமும் பெரிதாகிறது. ஒரு சாண் அகலக் கிளைக்கு, ஒட்ட வெட்டிய காயம் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு முட்டை வடிவில் நின்றது. கழுத்துக்கு வெளியே வெட்டியது ஏறக்குறைய வட்டமாக, கிளை அளவிலேயே இருந்தது.

மனிதத் தோல் போல மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. அது உள்ளேயே சுவர் எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது. அமெரிக்க வனத்துறையில் மர நோய்களை ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். அவரும் ஹெரால்ட் மார்க்ஸும் சேர்ந்து எழுதிய கையேடு 1977-இல் வந்தது. அவர்கள் சொல்லும் நான்கு சுவர்களில் முதலாவது, மேலும் கீழும் பரவுவதைத் தடுப்பது; அதுதான் இருப்பதிலேயே சோப்ளாங்கி. நான்காவது, காயம் பட்டபின் புதிதாக வளரும் மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே எழும்புவது; அதுதான் பலசாலி. கிளையின் அடியிலும் அழுகல் தண்டுக்குள் இறங்காதபடி ஒரு காப்பு இருக்கிறது. ஒட்ட வெட்டுகிறவர் அதையும் சேர்த்தே செதுக்கி எடுத்துவிடுகிறார்.

என் மரத்தில் கழுத்தை விட்டு வெட்டிய மூன்றிலும் சுற்றிலும் உதடு மாதிரி தடித்த பட்டை உருண்டு வருகிறது. ஒன்று கிட்டத்தட்ட மூடிவிட்டது. ஒட்ட வெட்டிய இரண்டிலும் பக்கவாட்டில் மட்டும்தான் உதடு. மேலும் கீழும் பட்டை செத்து, காயம் இரு முனையும் கூம்பி நீண்டுவிட்டது. தார் வெடித்து, அந்த இடுக்கில் மழைக்குப் பிறகு கறுப்பு நீர் கசிகிறது. தார், பெயிண்ட் எல்லாம் நம் மனத் திருப்திக்குத்தான். அழுகலை அவை நிறுத்துவதில்லை, அடியில் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் உண்டு. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்ட் அடைப்பதும், தேங்கிய நீர் வடியத் துளை போடுவதும் இதே வகைதான். மரம் கட்டிவைத்த சுவரை நாமே உடைத்துக் கொடுக்கிறோம்.

பட்ட கட்டையில் கழுத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நானே முதலில் ஏமாந்தேன். கட்டை செத்தபிறகும் கழுத்து உயிரோடு வளர்ந்து, சட்டைக் கை மாதிரி செத்த மரத்தின் மேல் ஏறிக்கொண்டே போகும். வருடங்கள் ஆகியிருந்தால் கை நீளமாகவே இருக்கும். அது முடியும் இடத்தில்தான் ரம்பம் வைக்க வேண்டும். தண்டிலிருந்து கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், கண்ணை உறுத்தும், பரவாயில்லை. அழகுக்காக அந்தக் கையைச் சீவினால் எல்லாப் பாடும் வீண்.

உயிருள்ள கிளையில் அவ்வளவு தேட வேண்டாம். கவட்டையின் மேல்பக்கம் சுருங்கி மடிந்த பட்டை வரி தெரியும். அதற்குச் சற்று வெளியே ஆரம்பித்து, அடிப்புடைப்பு முடியும் இடத்துக்கு இறங்கினால் போதும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கக்கூடாது. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அப்புறம் அதற்கு நாலு விரல் வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் கீழே போய்விடும். மிஞ்சும் கட்டையைத்தான் கழுத்தோரம் பொறுமையாக எடுப்பது. இல்லாவிட்டால் விழுகிற கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். உளுத்த கிளையில் இந்தக் கணக்கும் முழுசாக நிற்காது. எங்கே வேண்டுமானாலும் ஒடியும். கயிற்றை அந்தக் கிளையில் கட்டவும் கூடாது, ஏணியைச் சாத்தவும் கூடாது. தலைக்கு மேலே இருந்ததையெல்லாம் நான் ஏறத் தெரிந்தவரிடம்தான் விட்டேன். கீழே நின்று "இன்னும் வெளியே, இன்னும் வெளியே" என்று கத்தியது மட்டும் என் பங்கு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்தது ஒரே மரம், அதுவும் வேகமாக வளரும் சாதி. எல்லா மரமும் ஒரே மாதிரி சுவர் கட்டுவதில்லை. ஓக் நன்றாகக் கட்டும், வில்லோவும் பாப்ளரும் அதில் மட்டம். ஒட்ட வெட்டிய இரண்டும் ஒரு வருடம் முந்தியவை என்பதால், அவற்றுக்குக் காலமும் கூடுதலாகவே கிடைத்தது. அப்படியும் பின்தங்கித்தான் நிற்கின்றன. ஆனால் அந்த இரண்டு கட்டைகளிலும் அழுகல் முன்பே ஆழமாக இறங்கியிருந்திருக்கலாம். அப்படியானால் குற்றம் முழுவதும் வெட்டின் மேல் இல்லை.

இப்போது அந்தக் கறுப்பு நீர் கசியும் இடத்தை நான் தொடுவதில்லை. அதற்கு நேர் மேலே, பழைய கட்டையிலிருந்து கிளம்பிய குச்சிகள் இப்போது தொடை கனம் ஆகிவிட்டன. வெட்டுவாயோரம் மேலோட்டமாக ஒட்டியவை, வைரத்தில் ஊன்றியவை அல்ல. அவற்றின் பாரத்தைக் குறைக்க வேண்டும். பட்டதை எடுத்ததில் மரத்துக்கு நஷ்டமில்லை. இது பச்சை என்பதால், மொத்தத் தழையில் ஒரு வருடத்துக்குக் கால் பங்குக்கு மேல் கைவைக்காமல், இரண்டு மூன்று தவணையாக எடுக்கப் போகிறேன்.