எலியாஸ் பூடினாட் கடிதங்கள், இரண்டு தொகுதி மறுபதிப்பு: சரக்கு அருமை, அச்சு மோசம்

நியூ ஜெர்சியில், எலிசபெத் நகரத்தில், பாக்ஸ்வுட் ஹால் என்றொரு பழைய வீடு இருக்கிறது. 1789 ஏப்ரலில் அமெரிக்காவின் முதல் அதிபராகப் பதவியேற்க நியூயார்க் போகிற வழியில் ஜார்ஜ் வாஷிங்டன் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிய வீடு. அன்றைக்கு அதன் சொந்தக்காரர் வக்கீல் எலியாஸ் பூடினாட். அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் 1896-இல் பாஸ்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தன. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், கேட்டவுடன் அச்சடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் 58 டாலருக்கு வாங்கினேன்.

மருத்துவமனையில் 19 வருடம் கணக்கு எழுதியவள் நான். அதனால் 1777, 1778 பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷார் பிடித்துவைத்த அமெரிக்க வீரர்களைக் கவனிக்கும் பொறுப்பை வாஷிங்டன் இவரிடம் கொடுத்தார். அன்றைய அமெரிக்க ஆட்சி மன்றமான காங்கிரஸிடம் காசு இல்லை. தன் கைப்பணமும் தன் பெயரில் வாங்கிய கடனுமாக ஏறக்குறைய 30,000 டாலர் போட்டார் மனிதர். நஷ்டமானால் பாதி என்னுடையது என்று வாஷிங்டன் சொல்லியிருந்தார், அவ்வளவுதான் பிடிமானம். 1778-இல் எதிரி கையில் இருந்த நியூயார்க்குக்கே நேரில் போய்ச் சிறைகளைப் பார்த்தார். 300 அதிகாரிகளுக்கும் 1,100 வீரர்களுக்கும் உடை, போர்வை, அதோடு பதினைந்து மாதத்துக்கு மேல் தினமும் அரைப்பங்கு ரொட்டியும் மாட்டிறைச்சியும் கூடுதலாக. யாருக்கு எவ்வளவு என்று இவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்தவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் எண்கள் வருகிற பக்கங்களில்தான் இந்த மறுபதிப்பு கைவிடுகிறது. 3 எது, 8 எது என்று தெரியவில்லை. உள் ஓரம் தையலுக்குள் போய்விட்டதால் ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு எழுத்துகளை ஊகிக்க வேண்டும். முதல் தொகுதியில் ஒரு தாள் மடிந்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கிறது. எழுதிக் கேட்டேன். பழைய புத்தகம் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூலம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நூலகத்தில் 1896 பிரதியையே கையில் எடுத்துப் பார்த்தேன், எழுத்து பளிச்சென்று இருந்தது.

மற்ற பகுதிகளை வேகமாகத்தான் வாசித்தேன். 1782 நவம்பரில் காங்கிரஸ் தலைவரானார். அடுத்த ஜூனில் சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் பிலடெல்பியாவில் சூழ்ந்துகொள்ள, சபையையே பிரின்ஸ்டனுக்கு மாற்றினார். 1795 முதல் 1805 வரை அமெரிக்க அரசு நாணயச் சாலையின் இயக்குநர். 1816-இல் அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் முதல் தலைவர். அதற்கு 10,000 டாலர் கொடுத்திருக்கிறார். தொகுத்தவரும் பூடினாட் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்தான். புகழ்ச்சி கொஞ்சம் தூக்கல், அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

ஏழை முதியவர்கள் வாசிக்க மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவும் உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போனவர் இவர். அவருடைய கடிதங்களை என் மாமியார் படிக்க ஆசைப்பட்டு, நாலு பக்கத்தில் கண் வலித்து வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒரு மாதிரிப் பக்கம் கேளுங்கள், எண்கள் உள்ள பக்கமாகவே கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். இரண்டாம் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முதல் தொகுதி இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன், நூலகப் பிரதியைப் பார்த்து ஓரத்தில் பென்சிலால் எண்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.