சாட்டா, போனா, குரூப்பா: ஆன்லைன்ல மனசுக்குத் துணையா இருக்க எதுக்கு என்ன கைப்பழக்கம் வேணும்?

"நான் நல்லா அட்வைஸ் பண்ணுவேன்ங்க, ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு பிரச்சனைன்னா எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க." வாலண்டியரா சேர வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் முதல்ல சொல்றது இதுதான். மனசு கஷ்டத்துல இருக்கவங்க பேச்சை ஆன்லைன்ல கேக்குற எங்க டீம் ரொம்பச் சின்னது, புது ஆளுங்ககிட்ட முதல்ல பேசுறது நான்தான், இதைக் கேட்டதும் வயித்துல லேசா புளியக் கரைக்கும். ஏன்னா இந்த வேலைல முதல்ல மறக்க வேண்டிய விஷயமே அந்த அட்வைஸ்தான்.

நாங்க டாக்டரும் இல்ல, கவுன்சலரும் இல்ல. டிப்ரஷன், பேனிக் அட்டாக்னு ஏதோ ஒண்ணைத் தானே பாத்துட்டு வந்தவங்க, அவ்ளோதான். நானே ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டவ. "எனக்கும் இது இருந்துச்சு"ங்குற ஒரு வரிதான் எங்க முதலீடு, அதை எவ்ளோ செலவு பண்ணணும்ங்குறதுலதான் பாதி பேர் சறுக்குவாங்க. இந்த வேலைய ஆன்லைன்ல செய்ய மூணு வழி இருக்கு: ஒருத்தருக்கு ஒருத்தர் சாட், போன்ல குரல், அப்புறம் குரூப். மூணும் ஒரே வேலை, கருவிதான் வேறன்னு நானும் நெனச்சிட்டு இருந்தேன், இல்லங்க, மூணுக்கும் கை வேற மாதிரி பழகணும்.

போன்லருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் பழசு. லண்டன்ல சாட் வாராங்குற பாதிரியார் 1953ல தற்கொலை எண்ணத்துல தவிக்குறவங்க கூப்பிட்டுப் பேசுறதுக்காக சமாரிட்டன்ஸ்ங்குற அமைப்பைத் தொடங்கினது இப்படி ஒரு டெலிபோனை வெச்சிட்டுதான். நம்ம சென்னைல டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல ஆரம்பிச்ச ஸ்நேகாங்குற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் அந்த வழிதான், டாக்டர் பட்டம் இல்லாத சாதாரண வாலண்டியர்ங்க உக்காந்து கேப்பாங்க. தீர்ப்பு சொல்லாம கேக்கணும், இதுதான் அங்க அடிப்படை. இதுக்கு நம்ம ஊர்ல ஏற்கனவே ஒரு பேர் இருக்கு, உம் கொட்டுறது. பாட்டி கதை சொல்லும்போது நாம உம் கொட்டலன்னா "தூங்கிட்டியாடி?"ன்னு கதைய நிறுத்திடுவாங்கல்ல, போன்ல நடக்குறதும் அச்சு அசல் அதே. "ம்"னு சின்னதா ஒண்ணு, "ம்ம்ம்..."னு இழுத்து ஒண்ணு, "அய்யோ"ன்னு மூச்சோட ஒண்ணு, இந்த மூணை வெச்சே ஒரு மணி நேரம் ஓட்டலாம். அப்புறம் மௌனம். எதிர்ல இருக்கவங்க பேச்சை நிறுத்தினா 5 செகண்ட்ல நமக்குக் கை பரபரன்னு வரும், எதையாவது சொல்லி ரொப்பணும்னு தோணும். ரொப்பக் கூடாது. நான் கடிகாரத்தைப் பாத்துட்டே உக்காந்து பழகினேன், அரை நிமிஷம்ங்குறது எவ்ளோ நீளம்னு அப்பதான் தெரிஞ்சிது.

ஒரு நாள் ஒரு அம்மா, பேர் சொல்லல, பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுட்டுப் பேசினாங்க, வீட்ல யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. ரொம்ப நேரமா தண்ணிச் சத்தம் மட்டும்தான். திடீர்னு என் வீட்டு குக்கர் விசில் அடிச்சிருச்சு, எனக்கோ பயங்கர கூச்சம். அவங்க மெதுவா "சாம்பாரா?"ன்னாங்க. "இல்லங்க, பருப்புதான் வேகுது"ன்னேன். லேசா சிரிச்சாங்க, சிரிச்ச கையோட அழ ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் விஷயமே வந்துச்சு. இதை எந்த ட்ரெய்னிங்லயும் சொல்லித் தர முடியாது, ஆனா மியூட் போட்டிருந்தேன்னா நடந்திருக்காது.

ஆனா அந்தப் பைப் சத்தத்துலயே போனோட குறையும் இருக்கு பாருங்க. ஒரே ரூம் வீட்ல, ஹாஸ்டல்ல, மாமியார் பக்கத்துல இருக்கும்போது யாரால பேச முடியும்? அதனாலதான் சாட்டுக்கு வர்றாங்க, குறிப்பா சின்னப் பசங்க.

சாட்ல முதல் அடியே இந்த "ம்"ல விழும். போன்ல தங்கமா இருந்த அதே எழுத்து, டைப் பண்ணினா "எனக்கு இதுல இன்ட்ரெஸ்ட் இல்ல"ன்னு படிக்கும். "ஓகே", "சரி" எல்லாமே அப்படித்தான், அதுவும் கடைசில ஒரு புள்ளி வெச்சிட்டா கோவமா இருக்கோம்னே முடிவு பண்ணிடுவாங்க. அப்போ உம் கொட்டுறதுக்குப் பதிலா என்ன பண்றது? அவங்க வார்த்தைய எடுத்து அவங்களுக்கே காட்டுறதுதான், ஆனா அதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. 1966லயே வைசன்பாம்னு ஒருத்தர் எலைசான்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார், நீங்க சொல்றதையே கேள்வியாத் திருப்பிக் கேக்கும், அதுக்கு எதுவுமே புரியாது, ஆனா ஜனங்க மனசு விட்டுப் பேசினாங்க. இன்னைக்கு வாலண்டியர்ங்க பல பேர் அறியாமலே எலைசாவா மாறிடுறாங்க. "வீட்ல இருக்கவே பிடிக்கல"ன்னு ஒருத்தர் போட்டா, "உங்களுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று உணர்கிறீர்கள்"னு பதில், அதுவும் செந்தமிழ்ல! இப்போ ஆளுங்க உஷார், உடனே "நீங்க மனுஷங்களா, இல்ல கம்ப்யூட்டர் பாட்டா (bot)?"ன்னு கேட்டுடுறாங்க. அதுக்குப் பதிலா "இருக்கவேன்னு சொல்றீங்க... இன்னைக்கு ஏதாவது ஆச்சா?"ன்னு கேட்டா போதும், முழு வாக்கியத்தையும் திருப்ப வேணாம், வலிக்குற அந்த ஒரு சொல்லைப் புடிக்கணும்.

அடுத்தது, இதுதான் சாட்ல ரொம்ப சீரியஸ். நம்ம ஆளுங்க தலைவலிக்கும் "செத்துடலாம் போல இருக்கு"ம்பாங்க, பரீட்சைக்கும் அதையேதான் சொல்லுவாங்க. போன்ல குரல் காட்டிக் குடுத்துடும், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே எழுத்து. அதனால நேராக் கேக்கணும். "தற்கொலை பண்ணிக்கணும்ங்குற எண்ணம் வருதா?" இப்படியே, சுத்தி வளைக்காம. கேட்டா நாமளே யோசனைய விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம், ஆராய்ச்சிங்க அப்படி இல்லன்னுதான் சொல்லுது, கேட்டதும் பல பேருக்கு அப்பாடான்னுதான் இருக்கும். முதல் தடவை இதை டைப் பண்ணிட்டு அனுப்புற பட்டனை அழுத்த எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு, டைப்பிங்னு காட்டிக் காட்டி நின்னதை அந்தப் பையனும் பாத்திருக்கான். "என்னக்கா எழுதி எழுதி அழிக்கிறீங்க"ன்னான்.

அந்த "அக்கா" இருக்கே, அதுவும் ஒரு சிக்கல். சாட்ல மூணாவது வரில அக்காவாயிடுவோம், அக்கான்னா அடுத்து புத்தி சொல்லணும்ல, நம்ம வளர்ப்பு அப்படி. கூப்பிடுறதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேணாம், ஆனா அக்கா நாற்காலில உக்காந்ததும் வாய் தானா திறக்குதான்னு கவனிக்கணும். எனக்கு ஒரு அளவு வெச்சிருக்கேன்: என் மெசேஜ் அவங்க மெசேஜை விட நீளமா இருந்தா பாதிய அழிப்பேன். சொந்தக் கதைன்னா ரெண்டு வரி, அதுக்கு மேல போனா அது எனக்கான தெரபி. சாட்டுக்குன்னே ஒரு பெரிய வசதியும் உண்டு, பதறினா பக்கத்துல சீனியர்கிட்ட கேட்டுட்டு எழுதலாம், போன்ல அது நடக்காது. சாட்டுக்கு ட்ரெய்னிங் தேவையே இல்லன்னு நெனக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அமெரிக்கால 2013ல ஆரம்பிச்ச, மெசேஜ்லயே துணையா இருக்குற க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன்ல வாலண்டியர்ங்களுக்கு மணிக்கணக்கா பயிற்சி குடுக்குறாங்க, வெறும் மெசேஜ் அனுப்புறதுக்கு.

குரூப்புக்கு வருவோம். எல்லாரும் ஈஸின்னு நெனச்சு இதுலதான் ஆரம்பிப்பாங்க, என்னைக் கேட்டா மூணுலயும் கஷ்டம் இதுதான். 1935ல ஆரம்பிச்ச, குடியை விட நெனக்கிறவங்க கூடுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மாதிரி நேர்ல கூடுற இடத்துல பொதுவா ஒருத்தர் பேசும்போது மத்தவங்க குறுக்க வராம கேப்பாங்க. ஆன்லைன் குரூப்ல அப்படி எதுவும் கெடையாது. ஒருத்தர் நடுராத்திரி "முடியல"ன்னு போடுவாங்க, காலைல பாத்தா கீழ 14 மெசேஜ்: பாசிட்டிவா இருங்க, காலைல வாக்கிங் போங்க, குலதெய்வம் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க, ஒருத்தர் 6 நிமிஷ வாய்ஸ் நோட், இன்னொருத்தர் "எனக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டுச்சு, நீங்களும் வாங்கிப் பாருங்க"ன்னு ஸ்ட்ரிப் போட்டோ. எல்லாரும் நல்ல மனசோடதான் போட்டிருக்காங்க! முடியலன்னு சொன்னவங்க மட்டும் சத்தமில்லாம லெஃப்ட் ஆயிருப்பாங்க.

ஆக, குரூப்ல வேண்டிய திறமை காது இல்ல, ட்ராஃபிக் போலீஸ் கை. மாத்திரை பேர், டோஸ், தற்கொலை முறை இதெல்லாம் வந்தா ஒரு நிமிஷத்துல டெலீட், போட்டவருக்குத் தனியா, அவமானப்படாத மாதிரி ஒரு மெசேஜ். இந்த ரெண்டாவதை விட்டுட்டா அவரும் போயிடுவார். அப்புறம் யாரோட போஸ்ட்டுக்கும் பதிலே வராம கிடக்குதான்னு பாக்கணும். வாட்ஸ்அப் குரூப்னா சேர்ந்தவுடனே நம்பர் எல்லாருக்கும் தெரியும், ஒரு தடவை எங்க குரூப்ல ஒரு பொண்ணு சேர்ந்து பாத்தா அவளோட சித்தி உள்ள இருக்காங்க. அன்னைக்கே டெலிகிராமுக்கு மாறினோம், அங்க நம்பரை மறைச்சுக்கலாம். இதுவும் திறமைதான், யாரும் திறமைன்னு எழுத மாட்டாங்க. ஆனா குரூப்ல மட்டும் கெடைக்குற ஒண்ணு இருக்கு, "இது எனக்கு மட்டும் இல்ல"ன்னு ஒரே நேரத்துல அஞ்சு பேர்கிட்டருந்து கேக்குறது. நான் ஒருத்தி எவ்ளோ உம் கொட்டினாலும் அது வராது.

நெலம மோசமானா மூணுலயும் நாம கை மாத்தி விடணும். 2022 அக்டோபர்லருந்து அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம். ஆனா நம்பரை மட்டும் ஒட்டிட்டு ஓடுறது கதவைச் சாத்துற மாதிரி படும். "நீங்க அடிங்க, பேசி முடிக்கிற வரைக்கும் இந்த சாட்டை மூடாம வெச்சிருக்கேன்"னு சொல்லலாம், குரூப்னா முதல்ல தனி சாட்டுக்குக் கூட்டிட்டு வரணும். போன்லயே இருந்தா பக்கத்துல யார் இருக்காங்கன்னு கேட்டு, அவங்களை ரூமுக்கு வரச் சொல்ற வரைக்கும் லைன்ல இருக்கலாம்.

புதுசா வர்றவங்களை நான் முதல்ல போன்ல ஒரு சீனியர் கூட உக்கார வெச்சு, சும்மா கேக்க மட்டும் விடுவேன், பேசுறவங்க சரின்னு சொன்னா மட்டும். மூணு மாசம் கழிச்சுதான் சாட். குரூப் அட்மின் குறைஞ்சது ஒரு வருஷம் ஆகட்டும்னு சொல்லிடுவேன், கோச்சுக்கிட்டுப் போனவங்களும் உண்டு. வேகமா டைப் பண்ற பசங்க நேரா சாட் குடுங்கன்னு அடம் புடிப்பாங்க. அப்போ ஒரு சின்ன டெஸ்ட்: "ஒண்ணும் இல்ல"ன்னு ஒருத்தர் பதில் போட்டா நீ என்ன எழுதுவேன்னு கேப்பேன். போன வாரம் வந்த தம்பி ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "நான் கொஞ்ச நேரம் எதுவும் எழுத மாட்டேன்க்கா, இங்கதான் இருக்கேன்னு மட்டும் போடுவேன்"ன்னான். அவனை நேரா சாட்ல போட்டுட்டேன்.