பிரின்ஸ்2 அஜைல் பயிற்சி: கோவையில் சில ஆண்டுகள் கையாண்ட பின் ஒரு மதிப்பீடு

கோவையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளர்களை வழிநடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கரூர் வீட்டுத்துணி ஏற்றுமதியாளர்களுக்கும், கோவையைச் சுற்றியுள்ள பவுண்டரிகளுக்கும் கணக்கு, இருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கையாளும் ஈஆர்பி மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் மேலாளர்களுக்குப் பிரின்ஸ்2 அஜைல் என்னும் திட்ட மேலாண்மை முறையில் பயிற்சி அளித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பு முடிந்த கையோடு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் பயிற்றுநரையும் தேர்வையும் பற்றியே பேசுகின்றன. கற்றதில் எது வேலையில் ஊன்றி நின்றது, எது உதிர்ந்து போனது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சியை நாடியதற்குத் தெளிவான காரணம் இருந்தது. எங்கள் நிரலாளர்கள் ஏற்கெனவே, வேலையைச் சிறு சிறு காலத் துண்டுகளாகப் பிரித்து முடிக்கும் ஸ்க்ரம் முறையில்தான் வேலை செய்துவந்தார்கள். ஸ்க்ரம் முறையில் புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் ஆகிய பொறுப்புகள் உண்டு. திட்ட மேலாளர் என்றொரு பொறுப்பு அதில் இல்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டு, தேதிக்கும் பணத்துக்கும் பதில் சொல்பவர் அவர்தான். 1996இல் வெளிவந்த பிரின்ஸ்2 முறை மேலாண்மைக் கட்டமைப்பை வலுவாகக் கொடுக்கிறது. 2015இல் வெளிவந்த அதன் அஜைல் வடிவம், மேலே அந்தக் கட்டமைப்பை வைத்துக்கொண்டு, கீழே ஸ்க்ரம், கான்பான் போன்ற, படிப்படியாகச் செய்து மாற்றங்களுக்கு இடம் தரும் அஜைல் முறைகளைத் தடையின்றி இயங்க விடுகிறது. எங்களுக்கு வேண்டியது இந்த இணைப்புத்தான்.

பயிற்சியின் உயிர்நாடி, எதை இறுக்கிப் பிடிப்பது, எதைத் தளர்த்துவது என்ற தெளிவு. காலம், செலவு, தரம், பணிப்பரப்பு, பலன், இடர் ஆகிய ஆறையும் நாங்கள் படித்த பதிப்பில் பிரின்ஸ்2 கண்காணிக்கச் சொன்னது. அஜைல் வடிவத்தில் காலமும் செலவும் அசைவதில்லை. பணிப்பரப்பும் தர அளவுகோல்களில் முன்னுரிமை குறைந்தவையும் அசையலாம். பலனும் இடரும் அசையுமா என்பது திட்டத்தைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் போதும். வாடிக்கையாளரின் ஒப்புதலோடு செய்துகாட்டுவதுதான் கடினம்.

இதற்கு, விற்பனைப் பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயமானபோது, அதுவரை வரம்புக்கு வெளியே இருந்த நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பலவும் உள்ளே வந்தன. தேதியை நிர்ணயித்தது அரசு. ஒரு நாள் கூடத் தள்ளிப்போட எங்களுக்கு வழியில்லை. ஒரு வாடிக்கையாளர் தந்த தேவைப் பட்டியலில் எல்லாமே அவசியம் என்று எழுதப்பட்டிருந்தது. எங்கள் மேலாளர், தேவைகளைக் கட்டாயம் வேண்டியவை, வேண்டியவை, இருந்தால் நல்லவை, இப்போதைக்கு வேண்டாதவை எனப் பிரிக்கும், பயிற்சியில் கற்ற மோஸ்கோ முன்னுரிமை முறைப்படி, ஒவ்வொரு வரியையும் எடுத்து, “இது அந்தத் தேதிக்குள் வராவிட்டால் என்ன நடக்கும், வேறு வழியில் சமாளிக்க முடியுமா?” என்று கேட்டார். விலைப்பட்டியல் பதிவு எண்ணைப் பெறுவதும், கியூஆர் குறியீட்டைப் பில்லில் அச்சிடுவதும் இல்லாமல் சரக்கை அனுப்ப முடியாது. ஆனால் தவறாகப் போட்ட பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்வதை, கணக்காளர் நேரடியாக அரசுத் தளத்தில் நுழைந்தே செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதி அதற்கும் பிறகு வரலாம்.

“ஏனுங்க, எல்லாம் சேர்த்துத்தானுங்க ரேட்டு பேசுனோம்?” என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. எதுவும் கைவிடப்படவில்லை, தேதிக்குள் எது வந்தே தீர வேண்டும் என்பதை மட்டுமே இப்போது முடிவு செய்கிறோம் என்று எங்கள் மேலாளர் பட்டியலைக் காட்டி விளக்கினார். முதலாளியும் வரிசைக்கு ஒப்புக்கொண்டார். கட்டாயத் தேவைகள் மொத்த உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மோஸ்கோ முறையைப் பரப்பிய டி.எஸ்.டி.எம். என்னும் அஜைல் முறை தரும் வழிகாட்டுதல். மீதமுள்ளவை தள்ளிவைக்கத்தக்கவையாக இருந்தால்தான் எதிர்பாராத சிக்கலைத் தாங்க இடம் கிடைக்கும். அந்த இடைவெளி இருந்ததால்தான் அந்த வேலையும் உரிய தேதியில், சோதனைகளைக் குறைக்காமல் முடிந்தது.

அடுத்து நிலைத்து நின்றது ஒர்க் பேக்கேஜ் என்னும் ஏற்பாடு. குழு எதைக் கொடுக்க வேண்டும், எந்தத் தரத்தில், எவ்வளவு டாலரன்ஸோடு (அனுமதிக்கப்பட்ட விலகலோடு) என்பதை மேலாளரும் குழுவும் பேசி ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குள் ஒன்றோ பலவோ ஸ்பிரிண்டுகள் (ஸ்க்ரம் குழுவின் குறுகிய வேலைச் சுற்றுகள்) அடங்கலாம். அதன்பின் யார் எந்த வேலையை எடுப்பது என்பது குழுவின் உரிமை. கட்டாயத் தேவை ஒன்று தவறிப்போகும் அறிகுறி தெரிந்தால் மட்டும் விஷயம் மேலாளரிடமும், தேவைப்பட்டால் அவர் வழியாக, திட்டத்தின் பெரிய முடிவுகளை எடுக்கும் புராஜெக்ட் போர்டிடமும் போகும். காலையில் நடக்கும் 15 நிமிடக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த மேலாளர்கள், பயிற்சிக்குப் பின் மெல்ல மெல்ல அந்தப் பழக்கத்தை விட்டார்கள். பயிற்சிக்குக் கொடுத்த பணம் இந்த ஒரு மாற்றத்திலேயே திரும்பி வந்துவிட்டது என்பது என் கருத்து.

திட்டச் சூழல் அஜைல் முறைக்கு எவ்வளவு ஏற்றது என்று பார்க்கும் அஜைலோமீட்டர் எனப்படும் மதிப்பீட்டுக் கருவி எங்களிடம் அவ்வளவாக ஊன்றவில்லை. ஒத்துழைப்பு, தொடர்பு எளிமை முதலான ஆறு கூறுகளைத் தனித்தனியாக எடைபோட அது நல்ல கருவிதான். ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

பயிற்சியின் பெரிய குறை, அது தேர்வை நோக்கியே ஓடுவது. நாங்கள் எழுதிய பிராக்டிஷனர் தேர்வில் 50 வினாக்கள், 150 நிமிடங்கள், தேர்ச்சிக்கு 60 விழுக்காடு. நூலைத் திறந்து பார்த்து எழுதலாம். இதனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி, விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடப் பழகுவதிலேயே கழிந்தது. ஒரு முதலாளியின் எதிரில் அமர்ந்து தேவைகளை வரிசைப்படுத்தும் பேச்சை ஒரு முறையாவது நடித்துப் பார்க்க அங்கே இடமில்லை. தீபாவளிக்கு முந்தைய ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் நேரம் கிடைக்காதபோது, பயன்படுத்துவோர் சார்பில் தேவைகளைத் தீர்மானிக்கும் சீனியர் யூசர் பொறுப்பை யார் ஏற்பது என்பது போன்ற கேள்விகளும் எழவே இல்லை.

எனவே வகுப்புக்குப் பிறகு நாங்களே உள்ளுக்குள் ஒரு பயிற்சியைச் சேர்த்தோம். முடிந்துபோன ஒரு திட்டத்தின் தேவைப் பட்டியலைக் கையில் கொடுத்து, ஒருவர் முதலாளியாகவும் ஒருவர் மேலாளராகவும் அமர்ந்து பேச வைக்கிறோம். வாடிக்கையாளர் தரப்பில் சீனியர் யூசராக இருக்கப்போகிறவருக்கும், திட்டம் தொடங்கும் முன்பே, டாலரன்ஸ் என்றால் என்ன, எதை அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கும் என்று அரை நாள் உட்கார்ந்து விளக்குகிறோம். இந்தப் பயிற்சிக்குத் தங்கள் மேலாளர்களை அனுப்ப எண்ணும் நிறுவனங்கள், சான்றிதழுக்குரிய கட்டணத்தோடு இந்த அரை நாளுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.