பேக்கேஜில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

குழந்தைக்காக சிகிச்சைக்குப் போகலாமா என்று யோசிக்கும் தம்பதிகள், முக்கியமாக இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு 31 வயது, என் கணவருக்கு 34. இரண்டு பேருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை. எனக்குப் பகல் ஷிஃப்ட், அவருக்கு அமெரிக்க நேரம். நான் எழுந்து குக்கர் வைக்கும்போதுதான் அவர் வந்து படுப்பார். கல்யாணமாகி இரண்டு வருடம் என்று பெயர், சேர்ந்திருந்த நாட்கள் குறைவு. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வி. அது தாங்காமல்தான் போன வருடம் அந்த மருத்துவமனைக்குப் போனோம்.

எனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அவருக்கு விந்தணுப் பரிசோதனை. ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. எனக்கு ஏ.எம்.ஹெச் என்ற ஹார்மோன் குறைவு, அவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு, இக்ஸிதான் (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கரு உண்டாக்கும் முறை) வழி என்றார். என்ன ஷிஃப்ட், எத்தனை நாள் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. அப்புறம் கவுன்சலர் என்று ஒரு பெண், கையில் கால்குலேட்டரோடு. இன்றே முன்பணம் கட்டினால் பேக்கேஜ் 1,60,000 ரூபாய், இ.எம்.ஐ வசதியும் உண்டாம். "முட்டை குறைஞ்சுக்கிட்டே போகுது மேடம், லேட் பண்ணாதீங்க." பயந்துபோய் கையெழுத்துப் போட்டேன்.

ஊசிகள் பேக்கேஜில் சேராது என்பது இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. மயக்க மருந்துக்குத் தனி, கருவை உறையவைக்கத் தனி. கடைசியில் 3,10,000 ஆனது. ஊசிப் பேனாவை ஐஸ் ஜெல்லோடு டிபன் பைக்குள் வைத்து ஆபீஸ் ஃப்ரிட்ஜில் ஒளித்திருப்பேன். நேரம் தவறக்கூடாது என்பதால் டாய்லெட்டில் நின்றபடியே வயிற்றில் குத்திக்கொண்டு மீட்டிங்குக்கு ஓடுவேன். ரிசல்ட் நெகட்டிவ். போனில் அதைச் சொன்ன பெண் அடுத்த மூச்சிலேயே "அடுத்த சைக்கிள் எப்போ மேடம்?" என்றார்.

வேறு ஒரு டாக்டரைப் பார்த்தோம். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா. பழைய ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி: "இந்த டெஸ்ட்டுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சாப்பா?" வந்தது. டெங்குவில் ஐந்து நாள் அட்மிட் ஆகியிருந்தார். பரிசோதனை எடுத்தது அதற்கு ஐந்தாவது வாரம். விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகுமாம், கடும் காய்ச்சல் வந்தால் அந்தக் காலத்தில் எண்ணிக்கை விழுந்துவிடலாம். மறுபடி எடுத்தோம், சரியாகவே இருந்தது. ஏ.எம்.ஹெச் முட்டை இருப்பைத்தான் காட்டும், அதை மட்டும் வைத்து இயல்பாகக் கரு தங்காது என்று சொல்ல முடியாது என்றும் விளக்கினார். அன்று கிளினிக் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

விந்தணு எண்ணிக்கை ஒரு தடவை குறைவாக வந்தால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால், கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருடம் முயன்ற பிறகே பரிசோதனை என்பதுதான் வழக்கம். எது பேக்கேஜில் உண்டு, எது இல்லை என்று எழுதி வாங்குங்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி இந்த மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். செலவு, பக்கவிளைவு, வெற்றி வாய்ப்பு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கரு உருவானது என்ற விவரத்துக்காக மூன்று தடவை அலைந்தேன். ஒரே ஒரு தாள் தந்தார்கள். உறையவைத்த கருக்கள் இரண்டு இருப்பதாக வாயால் சொல்கிறார்கள், அந்தத் தாளில் அது இல்லை. எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.