லாச்சிக்கு மேலே சாமிப்படம் இல்லாத கடை

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் இருக்கும் இந்தத் தேநீர்க்கடையின் பெயர்ப்பலகை மழையில் அழிந்து இரண்டு வருடமாகிறது. முதலாளி இன்னும் எழுதவில்லை. ஆறு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, காசு போடும் ஒரு லாச்சி, அவ்வளவுதான்.

முதலில் வாய்க்கு வருவதைச் சொல்கிறேன். இஞ்சி பிளேன்டீக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். இஞ்சியைத் தட்டித்தான் போடுகிறார்கள், சாயமும் கடுமை. பருப்பு வடையைக் காலை பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பகலுக்குப் பிறகு என் பல்லுக்கு அது ஆகாது. ரோல்ஸில் மீனைத் தேட வேண்டும். கை கழுவும் இடத்தில் சவர்க்காரத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை.

நான் எழுத வந்தது கணக்கைப் பற்றி. தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தின்றதற்கு மட்டும் காசு வாங்குவது நம் நாட்டுக் கடைகளின் வழக்கம். மற்ற இடங்களில் பரிமாறும் பையன் மிஞ்சியதை ஓரக்கண்ணால் எண்ணிவிடுவான். இங்கே ஒருவரும் எண்ணுவதில்லை. லாச்சியடியில் போய் நாமே சொல்ல வேண்டும். முதலாளி நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் மிச்சக்காசைத் தருவார்.

இத்தனைக்கும் மனிதர் நாத்திகர். லாச்சிக்கு மேலே பிள்ளையாரும் இல்லை, லட்சுமியும் இல்லை. அந்த இடத்தில் பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூரின் படம் தொங்கியது. அற்புத சக்தி இருப்பதாகச் சொல்பவர்கள் அதை நிரூபித்துக் காட்டட்டும் என்று 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் கட்டியவர். 1978இல் அவர் கண்மூடும்வரை அந்தப் பணத்தை எவரும் வென்றதில்லை. நானோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவன். தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம், சாமி பயம் இல்லாதவனிடம் நேர்மை தங்காது என்று படிப்பித்தவன்.

போன யாத்திரை சீசனில் சிவனொளிபாத மலை இறங்கி, நெற்றி நிறைய விபூதியோடு இங்கே உட்கார்ந்து மூன்று வடை தின்றேன். லாச்சியடியில் "இரண்டு" என்றேன். மறதி இல்லை. ஹட்டன் பஸ் புறப்பட்ட பிறகுதான் உறுத்தியது. அடுத்த மாதம் போய் விஷயத்தைச் சொல்லிக் காசை நீட்டினேன். வாங்கி லாச்சியில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தந்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா? எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

வாதம் அன்றுதான் தொடங்கியது. மேலே பார்க்கிற கண் ஒன்று இருந்தால்தான் மனிதன் ஒழுங்காக இருப்பான் என்றேன். மகள் அனுப்பிய கட்டுரை ஒன்றையும் சாட்சிக்கு இழுத்தேன். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீர் குடித்துவிட்டுத் தாங்களே பெட்டியில் காசு போடும் அறையில், விலைப்பட்டியலோடு ஒரு வாரம் பூப்படமும் மறுவாரம் கண்களின் படமுமாக மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். கண்கள் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது என்று 2006இல் எழுதினார்கள்.

முதலாளி வடியை உதறிக்கொண்டே, "கடதாசிக் கண்ணே போதுமென்றால் கடவுள் எதற்கு சேர்?" என்றார். தொழிலாளர் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கிலோக்கணக்கில் கழிக்கிறவர்கள் மாரியம்மன் தேருக்கு முன்னால் நிற்பதை நான் பார்த்ததில்லையா என்றும் கேட்டார். பார்த்திருக்கிறேன். விடாமல், மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியாவுக்கு வந்தார். தண்ணீர் வற்றினால் அதன் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றைக்கும் தலைகாட்டும். "கும்பிட்ட இடம் மூழ்கியதென்று அந்தச் சனம் கடைக் கடனைக் கொடுக்காமலா விட்டது?"

எனக்கு வேறு வழி இல்லை. "உங்கள் கோவூருக்கும் இரண்டு கண் இருக்கிறதே" என்றேன். அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இந்த முறை சீசன் தொடங்கும் உந்துவப் போயா, அதாவது டிசம்பர் பௌர்ணமி, கழிந்து நான் போனபோது, படம் சமையலறைச் சுவருக்கு மாறியிருந்தது. லாச்சிக்கு மேலே ஆணி மட்டும். காலையில் பொரித்த வடை எத்தனை, இரவில் மிஞ்சியது எத்தனை, விழுந்த காசு எவ்வளவு என்று அப்பியாசக் கொப்பியில் எழுதுகிறார். சீசன் முடியும் வெசாக் வரை எழுதுவாராம். கொப்பியைக் கேட்டேன்; தர மறுத்துவிட்டார். கணக்குத் தெரிந்தால் நான் வடையைக் கூட்டிச் சொல்லிவிடுவேனாம்.