தருமபுரி ஸ்கேட்டிங் வகுப்பு: மூன்று மாத அனுபவம்

தருமபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டிய சிமென்ட் தளத்தில் நடக்கும் ஸ்கேட்டிங் வகுப்பில் என் பத்து வயது மகளைச் சேர்த்து மூன்று மாதங்கள் ஆகின்றன. சேரும் ஆசையை அவளுக்கு ஊட்டியவர், பெயரைக் கேட்டால் நம்மூர்க்காரரோ என்று எண்ண வைக்கும் பிரெஞ்சு ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சுழன்றும் தாவியும் சறுக்கும் விளையாட்டு) வீராங்கனை சூரியா போனாலி.

1973இல் நீஸ் நகரில் பிறந்த போனாலி, 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பியப் பட்டம் வென்றவர். உலகப் போட்டியில் மட்டும் 1993, 1994, 1995 என மூன்று ஆண்டுகளும் வெள்ளியே கிடைத்தது. 1994இல் ஜப்பானின் சிபா நகரில் நடுவர்கள் ஐந்துக்கு நான்கு எனப் பிரிந்து அந்நாட்டு வீராங்கனை யூகா சாட்டோவுக்குத் தங்கம் அளித்தபோது, தனக்கு அணிவிக்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தைப் போனாலி கழற்றிவிட்டார். அது முறையல்ல என்றாலும் எனக்கு அவர் மீது கோபம் வரவில்லை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில், போட்டிகளிலிருந்து விலகுவதற்குமுன், தடை செய்யப்பட்டிருந்த பின்குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். பத்தாம் இடமே வாய்த்தது. அந்தத் தடை 2024இல்தான் நீங்கியது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துச் சென்றால் வகுப்பு முதலில் ஏமாற்றமளிக்கும். இங்கே கற்பிப்பது, நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் காலணியில் வேகமாக ஓடுவதை மட்டுமே. போனாலி அணிந்த பனித்தள ஸ்கேட்டிங் காலணியின் தகட்டில் உள்விளிம்பு, வெளிவிளிம்பு, முனையில் பற்கள் என்று சுழலவும் தாவவும் ஏற்ற அமைப்பு உண்டு. சக்கரத்தில் அதற்கு ஓரளவு நெருங்கி வருவது, முன்னும் பின்னும் இரண்டிரண்டு சக்கரங்களும் நுனியில் ரப்பர் தடையும் கொண்ட குவாட் காலணிதான். அது இங்கில்லை என்பதைப் பயிற்சியாளர் சேர்க்கையின்போதே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆனால் முதல் இரண்டு வாரமும் அவர் விழக் கற்றுக்கொடுத்ததற்கே மாதக் கட்டணம் 1,200 ரூபாய் தகும். உள்ளங்கையை ஊன்றாமல், முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரியப் பழகிய பிறகே சக்கரத்தை உருட்ட விட்டார். காலணி இல்லாமல் அரை மணி நேரம் தாவல், குட்டிக்கரணப் பயிற்சியும் உண்டு. போனாலியும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர் என்று சொன்ன பிறகு மகள் அதில் சிணுங்குவதில்லை.

மாலை ஐந்து மணி வகுப்பைத் தவிர்க்கவும். சித்திரை வெயிலில் தளம் அப்போதும் கொதிக்கிறது. குடிநீர் வசதி கிடையாது, கிழக்கு மூலையில் விரிசலும் இருக்கிறது. ஞாயிறு காலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டு தொடர்கிறோம். மகள் இப்போது பின்னோக்கி ஒரு சுற்று வருகிறாள்.