பொஸ்பரஸ் நீரிணையில் நெடும்பயணப் படகு: கருங்கடலின் வாசல் வரை

இஸ்தான்புல் போகிறவர்கள் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நகரப் படகு நிறுவனமான ஷெஹிர் ஹத்லரியின் படகு எமினோனு துறையில் கிளம்பி, கருங்கடல் வாசலுக்கு அருகே இருக்கும் அனதோலு கவாக் கிராமம் வரை போகிறது. அங்கே சில மணி நேரம் கிடைக்கும், பிறகு திரும்பலாம். சரக்குக் கப்பலில் இஞ்சினியராக இருந்தபோது இந்த நீரிணையைக் கடந்ததெல்லாம் இஞ்சின் ரூமில் நின்றபடிதான். கரையை நிம்மதியாகப் பார்த்தது இந்தப் படகில்தான்.

போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். ருமெலி ஹிசாரி கோட்டை அருகே நீரிணை வெறும் 700 மீட்டராகக் குறுகுகிறது. எதிரே ஒரு டாங்கர் வந்தது. அதன் கப்பல்தளத்தில் நடந்த ஆளின் ஹெல்மெட் நிறம்கூடத் தெரிந்தது. கன்லிஜாவில் சர்க்கரைத்தூள் தூவிய தயிர் வரும், விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அனதோலு கவாக்கில் இறங்கி யொரோஸ் கோட்டைக்கு ஏறுவதுதான் இந்தப் பயணத்தின் உச்சம். மூன்றாவது பாலத்துக்கு அப்பால் கருங்கடல் விரிகிறது. போர்க்கப்பல்கள் மத்தியதரைக் கடலிலிருந்து அங்கே போக இந்த நீரிணை வழி ஒன்றுதான். இந்த வழிக்கு விதி வகுத்த 1936 மோன்த்ரோ ஒப்பந்தப்படி, கருங்கடல் கரையோர நாடு அல்லாதவர்களின் போர்க்கப்பல்கள் 21 நாளுக்கு மேல் உள்ளே தங்கக் கூடாது. 2022-இல் ரஷ்யா-உக்ரைன் போர் தொடங்கிய பின், போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குத் துருக்கி வழியை மூடியது. உக்ரைனுக்கு பிரிட்டன் கொடுத்த இரண்டு கண்ணிவாரிக் கப்பல்களைக்கூட (கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றுபவை) விட மாட்டோம் என்று 2024 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே மாதம் துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் சேர்ந்து கடற்கண்ணிகளை அகற்ற இஸ்தான்புல்லில் கையெழுத்திட்டன. மூன்றுமே நேட்டோ உறுப்பினர்கள். ஆனாலும் அது நேட்டோ கொடியின் கீழ் இல்லை.

என்னைக் கேட்டால் கருங்கடல் பாதுகாப்புக்கு அதுதான் சரியான தொடக்கம். கருங்கடலுக்கு நேட்டோ கூட்டணி எந்தத் திட்டம் போட்டாலும் கரையில் இருக்கும் இந்த மூவர் கையில்தான் நடக்கும். 2022 மார்ச்சில் மிதந்து வந்த கண்ணி ஒன்று இந்த வாசலுக்கு அருகிலேயே அகப்பட்டது. தானியக் கப்பலில் இருப்பவனுக்கு ஏவுகணை பற்றிய பேச்சைவிட அந்தக் கண்ணியை யார் எடுப்பார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அந்த வழியில் போனவன் என்பதால் சொல்கிறேன்.

கோட்டை ஏற்றம் செங்குத்து, நல்ல ஷூ வேண்டும். துறையருகே மீன் கடையில் உட்காருமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கடையில் சொன்னது ஒன்று, பில் வேறு. திரும்பும்போது மேல்தளத்தில் காற்று பலம், ஜாக்கெட் அவசியம்.